தப்பாகச் சொல்லத் தெரியாத பூவராகன்

சேத்திக்குப்பத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிற எவருக்கும் பூவராகனைத் தெரியும். எண் தொடர் நடத்துகிற வாத்தியார். மூன்று, ஏழு, பதினைந்து, முப்பத்தொன்று என்று யாராவது ஆரம்பித்தால், வாய் நிறைய இட்லி இருந்தாலும் 'அறுபத்துமூன்று' என்று வெளியே வந்து விழுந்துவிடும். பெருமைக்குச் சொல்வதில்லை. சிலருக்குத் தும்மல் வருவதுபோல் அவருக்கு விடை வரும், அவ்வளவுதான்.

நாற்பதை நெருங்குகிற வயதில் அவருக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை வந்தது. கற்றுக்கொடுத்தவள் செங்கமலம். பெண்களுக்கான ஓட்டுநர் பள்ளி நடத்துகிறவள். அவர் தனியாகப் பழகி வேலிக்குள் விழுவதைச் சில நாட்கள் வேடிக்கை பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் விதிவிலக்குக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டாள். ஸ்கூட்டர் கடைசிவரை அவருக்கு வரவில்லை. கல்யாணப் பேச்சு வந்தது.

தேதி குறித்தாகிவிட்டது. மண்டபம் பேசியாகிவிட்டது. பாக்கியிருந்தது மனிதச் சான்று மட்டும்.

இயந்திரங்கள் மனிதத் தோலோடும் குரலோடும் நடமாடத் தொடங்கிய பிறகு வந்த ஏற்பாடு அது. சொத்து வாங்க, ஓட்டுப் போட, கல்யாணம் செய்ய, நீங்கள் மனிதர் என்று ஒரு தாள் காட்ட வேண்டும். தாளைக் கொடுப்பது பதிவு அலுவலகத்தில் இருக்கும் ஒரு திரை. அது ஐந்து எண் தொடர்களைக் காட்டும். அடுத்த எண்ணைச் சொல்ல வேண்டும்.

எண் தொடர் என்று கேட்டதும் பூவராகன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறவர்போல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

முதலில் செங்கமலம் உட்கார்ந்தாள். 4, 9, 16, 25, அடுத்தது என்ன என்று திரை கேட்டது. அவள் மேலே சுற்றுகிற மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாப்பது" என்றாள்.

பூவராகனின் முதுகில் என்னவோ ஊர்ந்தது. "எப்படி நாப்பது?"

"இருபத்தஞ்சுக்கு அப்புறம் கொஞ்சம் ரவுண்டா இருக்கட்டுமேன்னுதான்."

மற்ற நான்குக்கும் இதே தரத்தில் விடை சொன்னாள். திரை பச்சையானது. 'மனிதர்' என்று எழுத்து வந்து, நாதஸ்வரம் ஒரு விநாடி வாசித்தது.

அடுத்து பூவராகன். திரை கேள்வியை முழுதாகக் காட்டி முடிப்பதற்குள் விடை சொன்னார். ஐந்தும் சரி. திரை சிவப்பானது. 'இயந்திரம். தங்கள் நாள் இனிதாகட்டும்.' நாதஸ்வரம் இல்லை.

எழுத்தர் சபுரா பேகம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"சார், நீங்க மெஷின்னு வந்துருச்சு."

"அஞ்சும் சரியாத்தானே சொன்னேன்?"

"அதனாலதான் சார்."

"புரியலம்மா."

"முன்னாடியெல்லாம் படத்தைக் காட்டி, இதுல பஸ் எங்க இருக்குன்னு கேப்பாங்க. மெஷின் கத்துக்கிச்சு. கவிதை எழுதச் சொன்னாங்க. நம்மளவிட நல்லா எழுதிடுச்சு. கடைசியில ஒரு கமிட்டி போட்டு, மனுஷனுக்குன்னு என்னதான் மிச்சம் இருக்குன்னு யோசிச்சாங்க. இது ஒண்ணுதான் இருந்துச்சு. நம்பர் வரிசையைக் காட்டினா நமக்கு மூளை மரத்துப்போயி என்னத்தையாவது சொல்லுவோம்."

"மெஷின் வேணும்னே தப்பாச் சொல்லலாமே?"

"சொல்லலாம். ஆனா அதோட தப்புலயும் ஒரு ஒழுங்கு இருக்கும். திரை மோப்பம் பிடிச்சிடும். மேடம் நாப்பதுன்னாங்க பாருங்க, அந்த மாதிரி ஒரு தப்பை எந்தக் கம்பெனியும் இன்னும் தயாரிக்கல."

செங்கமலம் அடக்கமாகப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"மூணு தடவை எழுதலாம் சார்" என்றாள் சபுரா பேகம். "ஆனா ஜாக்கிரதை. மூணாவது தடவையும் இப்படியே வந்தா நிரந்தரமாப் பதிஞ்சிடும். அப்புறம் உங்களை யார் உபயோகிக்கிறாங்களோ அவங்க பேருக்கு மாத்திவிட்டுருவாங்க."

செய்தி அவருக்கு முன்னால் ஊருக்குள் போய்விட்டது. திரும்பி வருகிற பேருந்தில் நடத்துநர் கையிலிருந்த கருவி அவரைப் பார்த்ததும் வேறு மாதிரி சத்தம் போட்டது.

"ஃபுல் டிக்கெட் வர மாட்டேங்குது சார். லக்கேஜ்தான் போட முடியும்" என்றார் நடத்துநர். "சீட்ல உக்காரக் கூடாது. மடியில வச்சுக்க யாராவது இருக்காங்களா?"

செங்கமலம் ஜன்னல் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தாள். பூவராகன் ஊர் வரும்வரை ஒரு வாழைத்தாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தார்.

வீட்டில் அம்மா விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு வெளியே வந்தாள். "பத்து மாசம் சுமந்து பெத்தவ நானு! என் வயிறு என்ன ஃபேக்டரியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். பிறகு உள்ளே போய்க் குழம்பைக் கிளறினாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, "ஆனா சின்னப் பிள்ளையிலேயே இவன் அழவே மாட்டான். நான்தான் சமத்துன்னு நெனச்சிட்டேன்" என்றாள். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம், "இதெல்லாம் உனக்குச் சேருமாப்பா?" என்று கேட்டாள்.

காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பையன் அவர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "பழைய மாடல் சார், பார்ட்ஸ் கெடைக்காது" என்று கையை விரித்தான். இவ்வளவிலும் சந்தோஷமாக இருந்தவர் ஒருவர்தான். அவர் பாடம் நடத்துகிற பயிற்சி மையத்தின் முதலாளி கிருபாகரன்.

"மெஷினுக்கு எதுக்குப் பூவராகன் மத்தியானச் சாப்பாடு? ஞாயித்துக்கிழமை எதுக்கு?" என்று அன்பாகக் கேட்டார். காலை வகுப்போடு மாலை வகுப்பையும் ஒப்படைத்தார். மூன்றாவது தேர்விலும் பூவராகன் தோற்றால் தன் பேருக்கே எழுதிக்கொள்ள முன்கூட்டியே விண்ணப்பமும் போட்டுவைத்தார். வகுப்பறைச் சுவரில் ஒரு புது ப்ளக் பாயிண்ட் முளைத்திருந்தது.

ஆனால் வகுப்பு மெலிந்துகொண்டே வந்தது. விடை சரியாக வந்தால் வாத்தியார் கதி தமக்கும் வருமோ என்று பிள்ளைகளுக்குப் பயம். நன்றாகப் படிக்கிற பெண்களை வீட்டில் கூப்பிட்டு, "ரொம்ப வேகமாச் சொல்லாதடி, கொஞ்சம் திணறு" என்று சொல்லி அனுப்பினார்கள். கரும்பலகையில் தொடரை எழுதிவிட்டுத் திரும்பினால், விடை தெரிந்த முகங்கள் தெரியாததுபோல் கீழே குனிந்தன. லக்கேஜ் டிக்கெட் கூடப் பூவராகனை அவ்வளவு உறுத்தவில்லை. இது உறுத்தியது.

எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு பலகை தொங்கியது: 'பிழைப் பயிற்சி மையம்.' எழுத்துப்பிழையாக்கும் என்று நினைத்துப் 'பிழைப்புப் பயிற்சி மையம்' என்றே பலரும் படித்தார்கள். நடத்துகிறவன் தில்லைநடேசன். பூவராகனிடம் பல வருஷம் படித்து, ஒரு தேர்விலும் தேறாமல் போனவன்.

"வாங்க சார், வாங்க!" என்று எழுந்து நின்று வரவேற்றான். "உங்ககிட்ட நான் வாங்கின அடிதான் இன்னைக்குச் சோறு போடுது. உக்காருங்க. ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. அடுத்து?"

"பத்து."

"சார்."

"பதினொண்ணு."

"பத்தோட ஒண்ணைக் கூட்டினீங்க. மூஞ்சியிலேயே தெரியுது. கணக்குப் போட்டுத் தப்புப் பண்ணக் கூடாது சார். தானா வரணும். மணிவாசகம் அண்ணே, சாருக்கு ஒண்ணு சொல்லிக் காட்டுங்க."

மூலையில் விபூதி பூசி உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். தலையைச் சொறிந்தார். விரல்விட்டு எண்ணினார். பாதியில் விட்டுவிட்டு வெளியே போகிற ஆட்டைப் பார்த்தார். "எட்டுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்களா? அப்ப ஏழு" என்றார். வகுப்பே கைதட்டியது. பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு தப்பைத் தன்னால் எந்தப் பிறவியிலும் செய்ய முடியாது என்று தோன்றியது.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போய், "எத்தனை நாளாப் பழகுறீங்க?" என்று கேட்டார். மணிவாசகம் சுவரோரம் நகர்ந்து, வேட்டி மடிப்பிலிருந்து ஒரு வயரை எடுத்துச் சொருகிக்கொண்டார்.

"போன வாரம்தான் சார் சேர்ந்தேன். நான் நகைக்கடையில பில் போடுற மெஷின். ஓட்டுப் போட்டுப் பாக்கணும்னு ஒரு ஆசை."

அவருக்கு முதல் தேர்விலேயே நாதஸ்வரம் வாசித்தது.

இரண்டாவது தடவை பூவராகன் போனபோது ஒரு முடிவோடு போனார். முதல் கேள்விக்குச் சரியான விடையோடு ஒன்றைக் கூட்டிச் சொன்னார். அதிலேயே நின்றால் மாட்டிக்கொள்வோம் என்று அடுத்ததில் இரண்டைக் கூட்டினார். அப்புறம் நாலு. அப்புறம் எட்டு. ஐந்தாவதாக 2, 6, 12, 20, 30 என்று வந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் திரையே எழுதியது: 'தாங்கள் சொல்லப்போகும் தவறான விடை 58. சரிதானே?'

சரிதான். நாற்பத்திரண்டோடு பதினாறு. தப்புகளையே ஒரு தொடராக அடுக்கியிருந்தார்.

"சார்" என்றாள் சபுரா பேகம் வருத்தத்தோடு, "உங்களுக்கு முன்னாடி ஒரு கிரைண்டர் வந்துச்சு. அதுகூட இவ்வளவு ஒழுங்காத் தப்புப் பண்ணல."

அதற்குப் பிறகு செங்கமலம் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் ஓட்டுநர் பள்ளி மைதானத்தில், மற்றப் பெண்கள் எட்டுப் போட்டுக்கொண்டிருக்க, வேப்பமரத்தடியில் அவருக்குத் தப்புப் பாடம் நடந்தது.

"எங்கே தப்புப் பண்ணணும்னு பாக்கணும்னா, சரியான வழி எதுன்னு எனக்கு முதல்ல தெரியணும். சொல்லுங்க வாத்தியாரே" என்றாள்.

அவர் சொன்னார். வித்தியாசம் பார்ப்பது, வித்தியாசத்தின் வித்தியாசம் பார்ப்பது, இரட்டிப்பு, வர்க்கம். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "இப்ப எதையும் பாக்காதீங்க. அந்தக் காக்காயைப் பாத்துக்கிட்டே பதில் சொல்லுங்க" என்றாள். அவர் காக்காயைப் பார்த்துக்கொண்டே சரியான விடை சொன்னார்.

நாட்கள் போயின. ஒரு காலையில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"செங்கமலம், ஒருவேளை அது சொல்றது நிஜமோ?"

"எது?"

"எங்கப்பா செத்தப்போ ஆம்புலன்ஸ் வந்து நின்னுது. எல்லாரும் அழறாங்க. நான் வண்டியோட நம்பர் ப்ளேட்டைப் பாத்தேன். ஒண்ணு, மூணு, ஒம்பது, அப்புறம் ஏழுன்னு இருந்துது. மூணால பெருக்கிக்கிட்டே வந்தா இருபத்தேழு வரணும், ரெண்டை விட்டுட்டாங்களேன்னு யோசிச்சிட்டு நின்னேன். மனுஷன் பண்ற காரியமா அது?"

மைதானத்தில் ஒரு பெண் வண்டியோடு சரிந்து விழுந்தாள்; கையை உயர்த்தி ஒன்றும் ஆகவில்லை என்று காட்டினாள்.

"உங்களுக்கு அழுகை அந்த வழியா வந்திருக்கு. அவ்வளவுதான்" என்றாள் செங்கமலம். "சரி, மூக்கைத் துடைங்க. அஞ்சு, பதினொண்ணு, இருபத்திமூணு, நாப்பத்தேழு. அடுத்தது?"

"தொண்ணூத்தஞ்சு" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"உருப்பட்டாப்பலதான்."

மூன்றாவது தேர்வு நாள் வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் பாக்கி. செங்கமலமும் கூட வந்தாள். மனிதச் சான்று ஒரு மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் அவளும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கிருபாகரனும் ஒரு மினி லாரி எடுத்துக்கொண்டு வந்து வாசலில் தயாராக நின்றார்.

பூவராகன் திரைக்கு முன் உட்கார்ந்தார். முதல் கேள்வி வந்தது.

2, 4, 8, ?

இந்தத் தடவை கீழே தேர்ந்தெடுக்க நான்கு எண்களும் இருந்தன. 9, 14, 16, 21.

பூவராகன் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவர் காது சிவந்ததை வாசலில் இருந்தே செங்கமலம் கவனித்தாள்.

"யாரு போட்டது இந்தக் கேள்வியை?"

'விடையைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது திரை.

"எதைத் தேர்ந்தெடுக்கிறது? இரட்டிப்புன்னா பதினாறு. ரெண்டு, நாலு, ஆறுன்னு கூட்டிக்கிட்டே போனாப் பதினாலு. ரெண்டுமே சரி! ரெண்டையுமே கீழே கொடுத்திருக்கியே, உனக்குக் கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா? மூணு நம்பரை மட்டும் கொடுத்துத் தொடர் கேக்கலாமா? நாலாவது ஒண்ணு இருந்தாத்தானே எது வழின்னு தெரியும்?"

'விடையைத் தேர்ந்தெடுக்கவும்.'

"மாட்டேன்! முதல்ல கேள்வியைத் திருத்து. எத்தனை பேர் இதுல பதினாலு போட்டிருப்பான், நீ பதினாறுன்னு சொல்லித் தப்பாக்கியிருப்பே! எம் பிள்ளைங்க ராப்பகலாப் படிக்கிறாங்கடா. ஒரு மார்க்குல வேலையை விட்டுட்டு வீட்டுக்கு வந்து அழுவாங்க. கேள்வி தப்புன்னா எழுதினவன் எல்லாருக்கும் மார்க் கொடுக்கணும், அதுதான் முறை. கேள்வி போட்டவன் பேரைச் சொல்லு. சொல்லாம நான் எந்திரிக்க மாட்டேன்."

மேசையைத் தட்டினார். தண்ணீர் பாட்டில் உருண்டது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ, "சார் சொல்றது நியாயம்தானே!" என்று குரல் கொடுத்தார்கள். பூவராகன் தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். கல்யாணம், லாரி, ப்ளக் பாயிண்ட் எதுவும் அவர் நினைவில் இல்லை. அநியாயமான ஒரு கேள்வி முன்னால் நின்றது. அதை விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை.

திரை பச்சையானது. 'மனிதர்.' நாதஸ்வரத்தோடு தவிலும் சேர்ந்துகொண்டது.

"நான் இன்னும் முடிக்கல!" என்று கத்தினார் பூவராகன்.

"முடிஞ்சிருச்சு சார்!" சபுரா பேகம் ஓடிவந்தாள். "மெஷின் விடையைச் சொல்லும், இல்லாட்டித் தெரியாதுன்னு சொல்லும். கேள்வி கேட்டவனோட சண்டைக்குப் போவாது. தண்ணி குடிங்க."

வாசலில் கிருபாகரன் லாரிக்காரரிடம் மெதுவாக என்னவோ சொன்னார். லாரி காலியாகப் போயிற்று.

"நீங்க இருங்க, நான் சட்டுனு முடிச்சிட்டு வந்துடறேன்" என்று செங்கமலம் போய் உட்கார்ந்தாள். பூவராகன் தண்ணீர் குடித்துக்கொண்டே, இன்னும் கோபம் தணியாமல், திரும்பி உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அலுவலகம் முழுவதும் சிவப்பு வெளிச்சம் பரவியது.

செங்கமலம் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

"ஏங்க" என்றாள் மெல்ல. "அஞ்சும் சரியாம்."

அவர் எழுந்து ஓடினார். கடைசித் தொடர் இன்னும் திரையில் இருந்தது. 7, 8, 10, 13, 17. அவள் 22 என்று போட்டிருந்தாள்.

"எப்படிப் போட்டே? வித்தியாசம் பாத்தியா?"

"அதெல்லாம் எனக்கெங்க? புதுசா வண்டி ஓட்ட வர்றவங்க மாதிரி இருந்துச்சு. முதல்ல ஒரு அடி நகருவாங்க. அப்புறம் ரெண்டு. அப்புறம் மூணு. பயம் தெளியத் தெளிய இன்னும் ஒரு அடி சேத்துப் போவாங்க. நாலு அடி போனவ அடுத்து அஞ்சு போவான்னு தோணிச்சு. பள்ளிக்கூடத்துல ஒரு கணக்கு எனக்குச் சரியா வந்ததில்லீங்க. ஒண்ணே ஒண்ணுகூட." அவள் கண்ணில் நீர் திரண்டிருந்தது. சிரிப்பும் இருந்தது.

இத்தனை வருஷம் அவர் நடத்திய பாடத்தில் அப்படி ஒரு விளக்கம் வந்ததே இல்லை. "பிரமாதம்" என்றார் பூவராகன். உண்மையாகவே சொன்னார்.

சபுரா பேகம் தொண்டையைச் செருமினாள். "சந்தோஷம்தான். ஆனா மேடம் இப்ப மெஷின். மனுஷருக்கும் மெஷினுக்கும் கல்யாணம் பதிய முடியாது. இன்னொரு தடவை உக்காந்து அந்த நாப்பது மாதிரி ஏதாவது..."

"மாட்டேன்" என்றாள் செங்கமலம்.

"மேடம், நாளன்னிக்குக் கல்யாணம்."

"இருக்கட்டும். முதல் தடவையா எல்லாம் சரியா வந்திருக்கு. அதை நானே தப்புன்னு மாத்தி எழுதணுமா? மெஷின்னா மெஷினாவே இருந்துட்டுப் போறேன்."

சபுரா பேகம் பூவராகனைப் பார்த்தாள், அவராவது புத்தி சொல்வார் என்று. அவர் தலையை ஆட்டினார். "அவ சொல்றதுதான் சரி. சரியான விடையை மாத்தச் சொல்லி நான் யார்கிட்டயும் சொன்னதில்லம்மா."

சபுரா பேகம் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. மெஷினுக்குத் தாலி கட்டக் கூடாதுன்னுதான் சட்டம். மஞ்சள் கயிறு சுத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இந்த ஆபீஸ்ல இருக்கிற அத்தனை மெஷினுக்கும் நாங்களே வைக்கிறோமே?"

மண்டபத்தை ரத்து செய்துவிட்டார்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில், கடைத்தெருப் பிள்ளையார் கோயிலில் 'வாகன பூஜை' என்று சீட்டு வாங்கினார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பட்டு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குருக்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. சீட்டைப் பார்த்தார், செங்கமலத்தைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். பிறகு நமக்கென்ன என்று மந்திரத்தை ஆரம்பித்துவிட்டார். செங்கமலத்தின் நெற்றியில் சந்தனம் வைத்தார். பூவராகன் மாலையைப் போட்டார். மஞ்சள் கயிற்றைக் கட்டினார். அம்மா குலவையிட்டாள். கற்பூரம் சுற்றி, பூசணிக்காய் உடைத்தார்கள்.

குருக்கள் குனிந்து, செங்கமலத்தின் வலது பாதத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம், இடது பாதத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். பூவராகன் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்கும் இரண்டு வைத்தார்.

"ம்... மெதுவா முன்னாடி எடுங்கோ" என்றார்.

செங்கமலம் பூவராகனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னாடி எடுத்தாள்.